படைத்தலிலிருந்து காட்சிப்படுத்தலுக்கு: இலங்கைத் தமிழ்ப் பாடசாலைகளில் சித்திரக் கல்வியின் இலக்குகள்

அறிமுகம்

உயர் வகுப்புச் சித்திரக் கல்விக்கு இரண்டு பெரும் இலக்குகள் உண்டு. மாணவர் தாமாக ஒன்றைப் படைக்க வேண்டும். படைத்ததைப் பிறர் முன் வைக்கவும் தெரிந்திருக்க வேண்டும். 2014இல் வெளியான அமெரிக்கத் தேசியக் கலைக் கல்வி நியமங்கள் படைத்தலையும் காட்சிப்படுத்தலையும் தனித்தனித் திறன்களாகவே வகுத்தன. இலங்கையில் முதல் இலக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முயற்சியால் வகுப்பறைக்குள் வந்தது. இரண்டாவது ஓவியர் கழகங்களில் வளர்ந்தும் பரீட்சைக்குள் நுழையவில்லை. இந்த இடைவெளி உண்டான வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. கொழும்புக்குத் தெற்கேயுள்ள இரத்மலானையின் மாணவரை மனத்தில் வைத்து, அந்த இடைவெளியை நிரப்பும் வழியையும் முன்வைக்கிறது.

பார்த்து வரையும் பாடம்

குடியேற்றக் காலப் பாடசாலைகளில் சித்திரம் என்பது கைப்பழக்கம். லண்டன் சவுத் கென்சிங்டனில் உருவான முறைப்படி நேர்கோடு, வளைகோடு, கனவடிவம், அலங்கார உரு என்று படிப்படியாகப் பிரதி செய்வதே பயிற்சி. கைத்தொழிலுக்கு வேண்டிய துல்லியத்தை அது தந்தது. மாணவரின் கற்பனைக்கு இடம் வைக்கவில்லை. உள்நாட்டுக் கைவினைஞரின் மரபு இந்தப் பாடத்தில் இல்லாததும் பெருங்குறை. கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்திய காலச் சிங்களக் கலை பற்றிய நூல், பட்டறையில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய அந்த அறிவைப் பதிவு செய்தது. ஆயினும் பாடசாலைப் பாடம் உடனே மாறிவிடவில்லை.

வின்சரும் பெலிங்கும்

மாற்றம் 1920இல் தொடங்கியது. அந்த ஆண்டு சி. எஃப். வின்சர் பிரதம சித்திர வித்தியாதரிசியாக இலங்கைக்கு வந்தார். பிரெஞ்சு நவீன ஓவியத்தை அறிந்திருந்த அவர், பிரதி செய்வதைவிட மாணவரின் சொந்தப் பார்வைக்கு முதன்மை தந்தார். வியன்னாவில் பிரான்ஸ் சிசெக்கும் இங்கிலாந்தில் மரியன் ரிச்சர்ட்சனும் சிறுவர் ஓவியத்தைத் தனிக் கலையாக மதிக்கக் கற்பித்த காலம் அது. பின்னர் அதே பதவியை வகித்த ஜெஃப்ரி பெலிங் இந்த வழியைத் தொடர்ந்தார்.

1943 ஆகஸ்டில் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டின் முன்முயற்சியால் உருவான ‘43 குழு’ என்ற நவீன ஓவியர் குழுவில் பெலிங்கும் ஓர் உறுப்பினர். அதே ஆண்டு நவம்பரில் குழு தன் முதற் கண்காட்சியை நடத்தியது. பாடசாலைச் சித்திரத்துக்குப் பொறுப்பான ஒருவரே பொதுமக்கள் முன் படைப்புகளை வைக்கும் இயக்கத்திலும் இருந்தார் என்பது கவனத்துக்குரியது. இரு இலக்குகளும் ஒரே மனிதரிடம் சேர்ந்தன. ஒரே பாடத்திட்டத்தில் சேரவில்லை.

யாழ்ப்பாணத்துக் கழகங்கள்

தமிழ்ப் பகுதிக்கு இந்த மாற்றத்தைக் கொண்டு சென்றவர் ஓவியர் எஸ். ஆர். கனகசபை. 1938இல் அவர் யாழ்ப்பாணத்தில் நிறுவிய கழகத்துக்கு வின்சரின் பெயரையே வைத்தார். சித்திர ஆசிரியர்கள் அங்கே கூடி வரைந்தனர். ஒருவர் படைப்பை மற்றவர் பார்த்துப் பேசினர். 1959இல் அ. மாற்கு தொடங்கிய விடுமுறைக்கால ஓவியர் கழகம் இதே வழியில் அடுத்த தலைமுறைக்குப் பயிற்சி தந்தது. கொழும்பு அரசினர் நுண்கலைக் கல்லூரியில் பயின்று சித்திர ஆசிரியராக இருந்த மாற்கு, பாட நேரத்தில் கொடுக்க முடியாததை விடுமுறை நாட்களில் கொடுத்தார்.

காட்சிப்படுத்தலைத் தமிழ் மாணவர் கற்ற இடம் இத்தகைய கழகங்களே. அங்கு அவர்கள் பார்வையாளரைச் சந்தித்தனர். ஆனால் அந்தக் கல்வி தனிமனிதரின் ஈடுபாட்டில் தங்கியிருந்தது. அவர் இல்லாத ஊரில் அதுவும் இல்லை.

கலைத்திட்டமும் பரீட்சையும்

1972இன் கலைத்திட்டச் சீர்திருத்தம் அழகியற் கல்வியை இடைநிலை மாணவர் அனைவருக்கும் உரியதாக்கியது. 2007 முதல் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் நடைமுறைக்கு வந்து, மாணவர் எதைச் செய்யக்கூடியவராக வேண்டும் என்பதை முன்னே வைத்தது. ஆனால் வகுப்பறையை உண்மையில் நடத்துவது க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைதான். அதன் சித்திரப் பாடத்தில் கலை வரலாற்று வினாக்களும், பொருட்களைப் பார்த்து வரைதலும், கொடுத்த கருப்பொருளுக்குச் சித்திரமோ வடிவமைப்போ ஆக்குதலும் உண்டு. படைத்தலுக்குப் புள்ளி கிடைக்கிறது. ஆனால் வரைந்த தாள் பரீட்சகரிடம் போனபின் வேறொருவர் பார்வைக்கு வருவதில்லை. எந்தப் படைப்பைத் தெரிவது, எப்படிச் சட்டமிடுவது, எதற்கு அருகில் எதை வைப்பது, பார்ப்பவரிடம் என்ன சொல்வது என்ற முடிவுகளை எடுக்கும் தேவை மாணவருக்கு ஏற்படுவதே இல்லை.

இரத்மலானையில் இரு இலக்குகள்

இரத்மலானை மாணவருக்குக் கலைக்கூடங்கள் எட்டாத் தூரத்தில் இல்லை. காலி வீதி வழியே வெள்ளவத்தையைத் தாண்டிச் சென்றால் கொழும்பு 7இல் லயனல் வென்ட் அரங்கும், 1993 முதல் ஆண்டுதோறும் நடக்கும் கலா பொல ஓவியச் சந்தையும் உள்ளன. அங்கே சென்று பார்ப்பது நல்லது. தாமே காட்சி வைப்பது அதனினும் பெரிய பாடம்.

அதற்குரிய சூழல் ஊரிலேயே இருக்கிறது. ஒரு பக்கம் கொழும்பு இந்துக் கல்லூரி. மறுபக்கம் மிஷனரி மேரி சப்மன் 1912இல் தொடங்கிய செவிப்புலன், விழிப்புலன் குறைந்தோருக்கான பாடசாலை. இவற்றின் மாணவர் சேர்ந்து ஒரு கண்காட்சி அமைத்தால், யாருக்காக வைக்கிறோம் என்ற கேள்வி முதலிலேயே எழும். பார்வையற்ற தோழருக்குத் தொட்டறியும் புடைப்புருவம் வேண்டும். காது கேளாத மாணவர் தம் படைப்பைச் சைகை மொழியில் விளக்குவார். எழுத்துக் குறிப்பு மும்மொழியிலும் இருக்க வேண்டும். இவை அத்தனையும் மதிப்பிடக்கூடிய தேர்ச்சிகள்.

முடிவுரை

வின்சர் முதல் மாற்கு வரை எவரும் படைத்தலையும் காட்சிப்படுத்தலையும் பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்தது பரீட்சை. ஆகவே பாடசாலை மட்டக் கணிப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு கண்காட்சியைச் சேர்த்து, தெரிவு, அமைப்பு, குறிப்பு, பார்வையாளருடனான உரையாடல் ஆகிய நான்குக்கும் புள்ளி வழங்க வேண்டும். இதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை. வகுப்பறைச் சுவரும், ஆசிரியருக்கு நேரமும், தன் படைப்பு பிறர் பார்வைக்கு உரியது என்று மாணவருக்குச் சொல்லும் பாடத்திட்டமும் போதும்.