ஆறு அங்குல விளிம்பும் எழுபது தீக்குச்சிகளும்

1897 ஜனவரி 2 அன்று, ஃபுளோரிடா கரைக்கு அப்பால் ‘கமடோர்’ என்ற நீராவிக் கப்பல் மூழ்கியது. ஸ்பெயினை எதிர்த்துப் போராடிய கியூபாக் கிளர்ச்சியாளர்களுக்கு ஆயுதம் ஏற்றிப் போன கப்பல் அது. செய்தி சேகரிக்க அதில் சென்றிருந்த எழுத்தாளர் ஸ்டீபன் கிரேனுக்கு வயது 25. பத்தடி நீளச் சிறு படகில், வேறு மூவரோடு ஏறத்தாழ முப்பது மணி நேரம் தத்தளித்து டேடோனா கரையில் ஒதுங்கினார். அதே ஆண்டு ஜூலையில், 21 வயது ஜாக் லண்டன் தங்கம் தேடிக் கனடாவின் கிளாண்டைக் பகுதிக்குக் கிளம்பினார். தங்கம் கைக்கு வரவில்லை. உறைபனிக் காலத்தை ஒரு மரக்குடிசையில் கழித்து, ஸ்கர்வி நோயோடு மறு ஆண்டே திரும்பினார்.

கடலிலிருந்து கிரேனின் ‘தி ஓப்பன் போட்’ கதை வந்தது, 1897 ஜூனில். பனியிலிருந்து லண்டனின் ‘டு பில்ட் எ ஃபயர்’ வந்தது. நாம் இன்று படிக்கும் வடிவம் 1908இல் வெளியானது. மனிதனைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாத இயற்கையைக் காட்டும் கதைகள் என்று பாடநூல்கள் இரண்டையும் ‘இயற்கைவாதம்’ என்ற ஒரே கட்டில் கட்டி வைக்கின்றன. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் படித்தேன். ஒன்றை முடித்த கையோடு மற்றதை எடுத்தபோதுதான் அந்தக் கட்டு அவிழ்ந்தது. லண்டனின் பனியும் கிரேனின் கடலும் ஒரே மாதிரியான பாராமுகம் கொண்டவை என்று இப்போது எனக்குத் தோன்றவில்லை.

லண்டனின் கதையில் ஒரு மனிதன் யூகான் பனிவெளியில் தனியாக நடக்கிறான். கூட ஒரு நாய். குளிர் பாரன்ஹீட் அளவில் பூஜ்ஜியத்துக்குக் கீழே 75. செல்சியஸில் மைனஸ் 59 இருக்கும். துப்பினால் எச்சில் தரையைத் தொடும் முன்பே உறைந்து வெடிக்கிறது. மாலை ஆறு மணிக்குள் நண்பர்களின் முகாமை அடைந்துவிடலாம் என்பது அவன் கணக்கு. மைனஸ் 50க்குக் கீழே எவனும் தனியாகப் போகக்கூடாது என்று சல்ஃபர் கிரீக் ஊரின் முதியவர் ஒருவர் முன்பே சொல்லியிருக்கிறார். அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. வழியில் பனிக்கு அடியில் மறைந்திருந்த ஊற்றில் கால் இறங்கி, முழங்காலுக்குப் பாதி வரை நனைகிறது. இனி தீ மூட்டினால்தான் உயிர்.

மூட்டுகிறான். ஆனால் ஒரு ஸ்புரூஸ் மரத்தின் அடியில் மூட்டுகிறான். சுள்ளியை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் மரம் இலேசாக அதிர்கிறது. உச்சிக் கிளையின் பனி அடுத்த கிளையில் சரிகிறது, அது அதற்கடுத்த கிளையில். கடைசியில் மரத்தின் மொத்தப் பனியும் தீயின் மேல் விழுகிறது. மறுபடி முயலும்போது விரல்களில் உணர்ச்சி இல்லை. எழுபது கந்தகத் தீக்குச்சிகளையும் ஒரே கொத்தாக இரு உள்ளங்கைகளின் அடிப்பகுதியில் இடுக்கி உரசுகிறான். சதை கருகும் வாசனை மூக்கில் ஏறுகிறது. வலி தாமதமாக வருகிறது. அந்தப் பக்கத்தை நான் ஒரே மூச்சில் தாண்டியதே இல்லை.

இங்கே நடப்பது எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது. கால் இறங்கிய இடத்தில் மட்டும் எச்சரிக்கும் அடையாளம் ஏதும் இல்லை. அது அவன் பிழையில்லை என்று ஒப்புக்கொள்ளலாம். மற்றதெல்லாம் கணக்குப்போல் நடக்கிறது. தனியாகப் போனான், மரத்தடியில் மூட்டினான், செத்தான். குளிருக்கு அவன் மேல் வெறுப்பும் கிடையாது, பரிவும் கிடையாது. ஆனால் அதற்கு விதி உண்டு. விதியைப் படித்தவன் பிழைக்கலாம். சாகும் தறுவாயில் அந்த முதியவர் சொன்னதே சரி என்று அவன் முணுமுணுப்பது, ஆசிரியரிடம் தவறை ஒப்புக்கொள்ளும் மாணவனின் குரலில் கேட்கிறது.

இந்தக் கதைக்கு ஒரு மூத்த உடன்பிறப்பு உண்டு. 1902இல் ‘தி யூத்ஸ் கம்பானியன்’ என்ற இளைஞர் இதழில் இதே தலைப்பில் லண்டன் எழுதிய கதை அது. அங்கே நாய் இல்லை. நாயகனுக்கு டாம் வின்சென்ட் என்று பெயர். அவனும் நனைகிறான், அவன் தீயும் அணைகிறது, ஆனால் கடைசியில் தீ பிடித்துக்கொள்கிறது. கைத் தழும்புகளோடு பிழைத்து, தனியாகப் போகாதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறான். ஆறாண்டு கழித்து லண்டன் அறிவுரையை எடுத்துவிட்டார், நாயகனைக் கொன்றார், கதையைப் பல மடங்கு உயர்த்தினார். ஆனாலும் அந்தப் பழைய பாடம் உள்ளே எலும்பாக நின்றுகொண்டுதான் இருக்கிறது.

கிரேனிடம் அந்த எலும்பு இல்லை.

நால்வர் படகில் இருக்கிறார்கள்: கப்பலை இழந்த, காயம்பட்ட கேப்டன், ஓயாமல் தண்ணீர் இறைக்கும் சமையற்காரர், இயந்திரங்களுக்கு எண்ணெய் இடும் பில்லி, நிருபர். படகின் விளிம்பு நீருக்கு மேல் ஆறு அங்குலம்தான் நிற்கிறது. வானம் என்ன நிறம் என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை, கண்கள் அலையை விட்டு நகர்வதில்லை. பில்லியும் நிருபரும் மாறி மாறித் துடுப்புப் போடுகிறார்கள். பில்லி கப்பல் மூழ்கும் முன்பே இயந்திர அறையில் இரட்டைப் பணி பார்த்துக் களைத்தவர். ஆனாலும் படகில் அதிகம் உழைப்பவர் அவர்தான். உடல் வலுவும் கடல் அனுபவமும் சேர்ந்தவர்.

காலையில் படகைக் கரையலைக்குள் விட்டு நீந்த முடிவெடுக்கிறார்கள். பில்லி எல்லோருக்கும் முன்னால் வேகமாக நீந்திப் போகிறார். சமையற்காரர் தக்கைக் கவசத்தோடு மல்லாந்து மிதக்கிறார். கேப்டன் கவிழ்ந்த படகைப் பற்றிக்கொள்கிறார். நீரோட்டத்தில் சிக்கிய நிருபரை ஒரு பேரலை தூக்கி இடுப்பளவு ஆழத்தில் வீசுகிறது. மூவரும் பிழைக்கிறார்கள். பில்லி ஆழமற்ற நீரில் குப்புறக் கிடக்கிறார். ஓர் அலைக்கும் மறு அலைக்கும் இடையில் நீர் வடியும்போது அவர் நெற்றிக்கு அடியில் இருப்பது வெறும் மணல்.

ஏன் அவர்? கதை சொல்வதில்லை. களைப்பு என்று நாம் ஒரு காரணம் தேடிக்கொள்ளலாம். கிரேன் அதற்கு உதவ மாட்டார். லண்டனின் பனியில் விதியை மீறியவன் சாகிறான். கிரேனின் கடலில் எல்லாவற்றையும் சரியாகச் செய்தவர் சாகிறார், கையாலாகாமல் கிடந்தவரை அலையே கரை சேர்க்கிறது. பாராமுகம் என்ற சொல்லுக்கு முழுப் பொருள் இங்கேதான் கிடைக்கிறது. கரையில் தெரியும் காற்றாலைக் கோபுரத்தைப் பார்த்து நிருபர் இதைத்தான் உணர்கிறார். எறும்புகளின் துயரத்துக்கு முதுகு காட்டி நிற்கும் பேருருவாக அது அவருக்குத் தெரிகிறது. இயற்கை நம்மை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை என்று புரியும்போது கோயிலின் மேல் கல்லெறியத் தோன்றும், ஆனால் எறியக் கல்லும் இல்லை, கோயிலும் இல்லை. இயற்கையை அன்னை என்று அழைத்துப் பழகிய நமக்கு இந்த இடம் கூடுதலாகவே சுடும்.

இவ்வளவு கொடிய உண்மையைச் சொல்லும் கதையில்தான் வெதுவெதுப்பு இருக்கிறது என்பது எனக்குத் தீராத வியப்பு. நிருபரின் கோட்டுப் பையில் எட்டுச் சுருட்டுகள். நான்கு நனைந்தவை, நான்கு நனையாதவை. யாரோ மூன்று உலர்ந்த தீக்குச்சிகளைக் கண்டெடுக்கிறார்கள். நால்வரும் புகைக்கிறார்கள். எழுபது குச்சிகள் இருந்தும் அங்கே ஒருவன் உறைந்தான். மூன்று குச்சிகளில் இங்கே நால்வர் சிறிது நேரம் மகிழ்ந்தார்கள். கரையில் ஓர் ஆள் மேலங்கியைச் சுழற்றிக் காட்டுகிறான். படகு ஆபத்தில் இருப்பது அவனுக்குப் புரியவில்லை, உல்லாசமாக வந்தவர்கள் என்று நினைக்கிறான். மனிதர்களும் இப்படிப் பாராமுகமாக இருக்கக்கூடும். இரவில், சுறா ஒன்று ஒளிக்கீற்றாக நீரைக் கிழித்துப் படகைச் சுற்றும்போது, அல்ஜியர்ஸில் செத்துக்கொண்டிருந்த ஒரு போர்வீரனைப் பற்றிப் பள்ளியில் படித்த பாட்டு நிருபருக்கு நினைவு வருகிறது. அப்போது பென்சில் முனை உடைந்ததைவிடச் சிறிய விஷயமாக இருந்தது அந்தச் சாவு. இப்போது முதன்முறையாக அந்த வீரனுக்காக அவர் மனம் கசிகிறது. கடல் தன்னைப் பார்க்கும் விதமாகத்தான் தானும் பிறரைப் பார்த்திருக்கிறோம் என்று அவருக்கு உறைக்கிறது.

லண்டனின் மனிதனுக்கு அந்தத் திறப்பு இல்லை. கற்பனை இல்லாதவன் என்று ஆசிரியரே தொடக்கத்தில் சொல்லிவிடுகிறார். ஆபத்தான பனித்தளத்தில் நாயை முன்னால் தள்ளி விட்டுச் சோதிக்கிறான். கடைசியில் அதைக் கொன்று, சூடான வயிற்றில் கையை நுழைக்கப் பார்க்கிறான். கத்தியைப் பிடிக்க விரல் வளையவில்லை. அவன் உறைந்தபின் நாய் சிறிது நேரம் காத்திருக்கிறது, சாவின் வாடை பட்டதும் முகாமை நோக்கி ஓடுகிறது. உணவும் தீயும் தரும் வேறு மனிதர்கள் அங்கே இருப்பார்கள். நாய்க்கு அவனிடம் வேறெந்த உறவும் இருக்கவில்லை; அப்படி ஒன்றை அவனும் வளர்க்கவில்லை.

கப்பல் மூழ்கியதை எழுதிய செய்திக் கட்டுரையில் அந்த முப்பது மணி நேரத்தைக் கிரேன் விவரிக்காமல் தள்ளி வைத்தார். கதையாக எழுதியபோது கேப்டன் கேப்டனாகவும், சமையற்காரர் சமையற்காரராகவும், தான் வெறும் நிருபராகவும் ஆனார்கள். நால்வரில் ஒருவருக்கு மட்டும் பெயர் தங்கியது, அதுவும் உண்மைப் பெயர்: பில்லி. வில்லியம் ஹிக்கின்ஸ் என்ற அந்த மனிதர் உண்மையிலேயே அந்தக் கரையில் இறந்தவர். லண்டனோ பிழைத்தவனுக்கு 1902இல் பெயர் வைத்தார். 1908இல் அவனைச் சாக விட்டபோது பெயரை எடுத்துக்கொண்டார்.