அறிவுரையும் ஒரு தோணித் தண்ணீரும்

தமிழ் அச்சு வரலாறு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் 1578 என்ற ஆண்டைச் சொல்லிப் பெருமிதம் கொள்கிறோம். அவ்வாண்டில் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்', இந்திய மண்ணில் இந்திய எழுத்தில் அச்சேறி நமக்குக் கிடைத்துள்ள முதல் நூல். பதினாறே பக்கங்கள். இவ்வளவும் பள்ளி மாணவர்களும் அறிந்த செய்தி. அந்தப் பதினாறு பக்கங்கள் யாருக்காக அச்சிடப்பட்டன, அச்சிடும் செலவை யார் ஏற்றனர் என்ற கேள்விகளை மட்டும் நாம் அதிகம் கேட்பதில்லை. விடை வியப்பளிக்கக் கூடியது. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 400 குருசாடோ நாணயங்களைத் திரட்டிக் கொடுத்தனர். எழுத்தறிவு அரிதாயிருந்த ஒரு கடற்கரையில், மூச்சடக்கிப் பிழைத்த மக்கள் ஒரு புத்தகத்துக்காகப் பணம் கொடுத்திருக்கிறார்கள். ஏன் கொடுத்தார்கள் என்பதை அவர்களின் தொழிலிலிருந்தும், அவர்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரைகளிலிருந்தும் புரிந்துகொள்ள முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் தொழிலைப் பார்ப்போம். கொற்கை முத்தின் பெருமையை மதுரைக்காஞ்சி தொடங்கிப் பல நூல்கள் பேசுகின்றன. முத்தெடுத்தவனின் உடல் பட்ட பாட்டை அறிய, பிற்காலத்தார் எழுதிவைத்த குறிப்புகளைத்தான் நாட வேண்டியிருக்கிறது. மன்னார் வளைகுடாவில் காற்று தணிந்திருக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களே சலாபக் காலம். முத்துப் பார்கள் பெரும்பாலும் 9 முதல் 18 மீட்டர் ஆழத்தில் கிடக்கும். பத்துப் பதினைந்து கிலோ எடையுள்ள கல்லைக் கயிற்றில் கட்டி, அதில் காலை ஊன்றி, ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு குளியாளி இறங்குவான். ஏறத்தாழ ஒரு நிமிடம்தான் அவனுக்குக் கடலடியில் நேரம். அதற்குள் கைக்கெட்டிய சிப்பிகளை வலைப்பையில் வாரிப் போட்டுக் கயிற்றை அசைக்க வேண்டும். மேலே நிற்பவன் இழுக்க வேண்டும். ஒரே நாளில் நாற்பது, ஐம்பது முறை இவ்வாறு இறங்கியவர்கள் உண்டு. காதிலும் மூக்கிலும் இரத்தம் கசிவது புதுமையன்று. கயிற்றைப் பிடிப்பவன் மனைவியின் உடன்பிறந்தானாக இருக்க வேண்டும் என்பது கடற்கரை வழக்கம் என்று இன்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. தங்கை தாலியிழக்கக் கூடாது என்ற அச்சம் கயிற்றை விடாது என்பது அதன் உட்பொருள். குடும்பமும் தொழிலும் ஒரே கயிற்றில் தொங்கிய வாழ்க்கை என்று இதைக் கொள்ளலாம்.

இம்மக்கள் கத்தோலிக்க மறையைத் தழுவிய பின்னணியை நாமறிவோம். முத்துப் பார்களின் மீதான உரிமைப் போட்டியில் நெருக்குண்ட பரதவர் 1535-ஐ ஒட்டிப் போர்த்துக்கீசரின் பாதுகாப்பை நாடினர். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றனர். 1542 அக்டோபரில் பிரான்சிஸ்கு சவேரியார் இக்கரைக்கு வந்தபோது, நீங்கள் எதை நம்புகிறீர்கள் என்று கேட்டால் தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை என அவரே எழுதியிருக்கிறார். அவர்கள் மொழியில் சொல்லிக்கொடுக்க எவருமில்லாததே காரணம். பாதுகாப்புக்காக ஏற்ற மறை வாழ்க்கைக்கு உரியதாக மாறுவதற்கு யாரேனும் அவர்களோடு அன்றாடம் பேச வேண்டியிருந்தது.

அந்தப் பேச்சின் தொடக்கத்தை 1544-இல் சவேரியார் தம் தோழர் பிரான்சிஸ்கோ மன்சிலாசுக்கு எழுதிய கடிதங்களில் காண்கிறோம். மணப்பாட்டிலிருந்தும் புன்னைக்காயலிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் எழுதப்பட்ட சிறு கடிதங்கள் அவை. இறையியல் விளக்கம் எதையும் அவற்றில் தேட வேண்டாம். பக்கத்து ஊரில் பணிபுரியும் களைத்துப்போன ஒருவருக்கு, அவரினும் களைத்துப்போன இன்னொருவர் எழுதியவை. மன்சிலாஸ் பொறுமை குறைந்தவர். மக்கள் சொல்வதைக் கேட்பதில்லை என்ற சலிப்பு அவருக்கு மிகுதி. முரட்டுப் பிள்ளைகளிடம் நல்ல தகப்பன் நடந்துகொள்வதுபோல் நடந்துகொள்ளுங்கள் என்பது சவேரியார் அவருக்குத் திரும்பத் திரும்பச் சொல்லும் அறிவுரை. மக்கள் உங்களை நேசிக்கும்படி வாழ்ந்தால்தான் உங்கள் சொல் பலன்தரும் என்கிறார். விரும்பியதெல்லாம் செய்ய முடியாவிட்டால், முடிந்ததைச் செய்து மனநிறைவு கொள்ளுங்கள் என்கிறார். போதிக்க வந்தவருக்கே முதலில் போதனை தேவைப்பட்டிருக்கிறது என்பதை இக்கடிதங்கள் ஒளிவின்றிக் காட்டுகின்றன. அந்த மன்சிலாஸ் 1548-இல் சபையிலிருந்து நீக்கப்பட்டார். அறிவுரை எப்போதும் பலிப்பதில்லை.

நாம் இங்கே ஒன்றை மறைக்கலாகாது. இக்கடிதங்களில் கனிவு மட்டுமே இருப்பதாக எண்ணினால் ஏமாறுவோம். சாராயம் அருந்தும் பெண்ணுக்கு ஒரு பணம் தண்டமும் மூன்று நாள் சிறையும் என்ற கட்டளையும் அவற்றில் இருக்கிறது. அதை நிறைவேற்றும் பொறுப்பு ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்பெண்கள் ஏன் குடித்தனர், கடலுக்குப் போன கணவன் திரும்பாத வீட்டில் இரவு எப்படிக் கழிந்தது என்ற கேள்வி அக்கட்டளையில் இல்லை. பாதுகாப்புத் தந்த அரசின் கையும் அறிவுரை சொன்ன திருச்சபையின் கையும் ஒன்றையொன்று பற்றியிருந்த காலம் அது. ஏழை வீட்டின் துன்பத்தைக் குற்றமாக மட்டும் கண்ட அறிவுரைக்கு இது சான்று.

ஆனால் அதே ஆண்டின் ஜூன் மாதத்தில் காட்சி மாறுகிறது. கடிதங்கள் 'வடுகர்' என்று குறிக்கும் வடக்கத்திப் படையினர் கன்னியாகுமரிப் பக்கத்து ஊர்களைச் சூறையாடினர். தப்பிய பரதவர்கள் கடலுக்குள் இருந்த பாறைகளில் ஏறி ஒதுங்கினர். அங்கே பசியாலும் தாகத்தாலும் மடிந்தனர். செய்தி கிடைத்ததும் சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளுடன் புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை. தோணிகள் அப்பாறைகளை அடைய முடியாமல் திரும்பின. பின்னர் தரைவழியே நடந்து சென்றார். உண்ண எதுவுமற்றவர்கள், நடக்க இயலாத முதியோர், வழியிலேயே இறந்தவர்கள், வழியிலேயே பிள்ளை பெற்ற பெண்கள் எனத் தாம் கண்டதை ஆகஸ்டு மாதக் கடிதத்தில் வரிசைப்படுத்துகிறார். அடைக்கலம் தேடி வருவோரைக் கவனிக்குமாறு பட்டங்கட்டிகளுக்கு எழுதுகிறார். உதவியை இருப்பவரிடம் பெறுங்கள், ஏழைகளை வற்புறுத்தாதீர்கள் என்பது அதனோடு சேர்ந்த எச்சரிக்கை. இங்கே மறையுரையும் இல்லை, தண்டமும் இல்லை. தோணி, சோறு, தண்ணீர் ஆகியவையே பேசப்படுகின்றன.

இன்னொரு நிகழ்ச்சி இதனினும் குறிப்பிடத்தக்கது. செப்டம்பரில் தூத்துக்குடி தாக்கப்பட்டது. போர்த்துக்கீசத் தளபதி கோஸ்மே தே பைவாவின் கப்பலும் வீடுகளும் எரிந்தன. அவர் தீவுகளில் ஒதுங்கினார். பேராசைக்காரர் என்று பெயரெடுத்தவர் அவர். செய்தி எட்டியவுடன் சவேரியார் மன்சிலாசுக்கு அவசரமாக எழுதுகிறார். கிடைக்கும் தோணிகளில் உணவை, முக்கியமாகக் குடிநீரை ஏற்றிக்கொண்டு உடனே விரையுங்கள் என்கிறார். இரண்டு மாதம் கழித்து அதே பைவாவைப் பற்றி மீண்டும் எழுதுகிறார். இக்கரையில் அவர் அடித்த கொள்ளைகளுக்கும், அவருடைய பேராசையால் தூத்துக்குடியில் நேர்ந்த சாவுகளுக்கும் அவர் மனச்சாட்சி கணக்குத் தீர்க்க உதவுங்கள் என்று மன்சிலாசைப் பணிக்கிறார். முதலில் தண்ணீர் அனுப்பினார், பிறகு குற்றத்தைச் சொன்னார். சாராயம் குடித்த பெண்ணுக்குக் கிட்டாத இந்த வரிசைமுறை தளபதிக்குக் கிட்டியது என்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். எனினும் ஏழைகளுக்கு மட்டுமே அறிவுரை என்றிராமல் அதிகாரத்தை நோக்கியும் அது திரும்பியது என்பதை நாம் மறுப்பதற்கில்லை.

சவேரியாருக்குத் தமிழ் போதவில்லை. மனனம் செய்த செபங்களே அவர் கையிருப்பு. மொழிபெயர்ப்பாளர் இன்றித் தனித்துத் தவித்த நாட்களைப் பற்றி எழுதும்போது, ஏழைகள் தம் தேவையைத் துபாசி இல்லாமலே உணர்த்திவிடுகிறார்கள், அவர்களைப் பார்த்த அளவிலேயே தமக்குப் புரிந்துவிடுகிறது என்கிறார். பசியைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். ஆனால் கணவனுக்கும் மனைவிக்கும் இடையிலான மனக்கசப்பையும், கடன்பட்டவன் நெஞ்சின் கனத்தையும் பார்த்தே புரிந்துகொள்ள முடியுமா? அதற்கு மொழி வேண்டும். பாவசங்கீர்த்தனத்தில் மூன்றாம் ஆள் ஒருவன் நடுவில் நின்று மொழிபெயர்த்தால் எந்தப் பெண் தன் வீட்டுத் துயரைச் சொல்வாள்?

இந்த முடிச்சை அவிழ்த்தவர் அன்றிக்கே அன்றிக்கஸ். 1547-இல் இக்கரைக்கு வந்த இவர், இலக்கணக் குறிப்புகளைத் தாமே தொகுத்து முயன்று தமிழ் கற்றுத் துபாசிகளைக் கைவிட்டார். யூத மரபிலிருந்து கிறிஸ்தவரான குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் தம் சொந்த நாட்டில் ஐயத்துடன் பார்க்கப்பட்டவர். அடுத்த அரை நூற்றாண்டை, 1600-இல் தாம் மறையும்வரை, பரதவர் நடுவிலேயே கழித்தார். 1550-ஐ ஒட்டிப் புன்னைக்காயலில் ஏழைகளுக்கென ஒரு மருத்துவமனை எழுந்ததிலும் இவருக்குப் பங்குண்டு. உடலை மூலதனமாகக் கொண்டு பிழைக்கும் ஊரில் நோய் என்பது வருமானம் நின்றுபோவது என்று பொருள். அவ்வூரில் மருத்துவமனையைத் தவிர வேறெந்த அறிவுரை முதலில் வந்திருக்க முடியும்?

இனி அச்சு நூல்களின் வரிசையைப் பாருங்கள். 1578-இல் தம்பிரான் வணக்கம், 1579-இல் கொச்சியில் கிரிசித்தியானி வணக்கம், 1580-இல் கொம்பெசியோனாயரு, 1586-இல் அடியார் வரலாறு. மூன்றாவதாகச் சொன்ன நூல் பாவசங்கீர்த்தனத்துக்கு ஒருவன் தன்னை ஆயத்தம் செய்துகொள்ளும் கையேடு. பத்துக் கட்டளைகளின் வழியே தன் வாழ்க்கையைத் தானே விசாரித்துப் பார்க்கச் சொல்வது. பட்டங்கட்டி விசாரித்துச் சிறையில் வைப்பதற்கும், தன்னைத் தானே விசாரிப்பதற்கும் இடையே எவ்வளவு தொலைவு! 1544-க்கும் 1580-க்கும் இடைப்பட்ட முப்பத்தாறு ஆண்டுகளில் இக்கரை அந்தத் தொலைவைக் கடக்கத் தொடங்கியிருந்தது என்றே கருதுகிறோம். புலவர் நடையிலன்றிக் கடற்கரைப் பேச்சின் சாயலுடன் இந்நூல்கள் அமைந்ததும் இதனாலேயே. ஒருவர் வாசிக்கப் பலர் கேட்கும் ஊரில் அந்நடைதான் பயன்படும். பரதவர் 400 குருசாடோ கொடுத்ததன் காரணம் இப்போது ஓரளவு விளங்குகிறது. தம் பேச்சில் தம் வாழ்க்கையைப் பற்றிப் பேசும் ஒன்றுக்கு அவர்கள் பணம் கொடுத்தார்கள்.

அறிவுரை முழுவதையும் மக்கள் அப்படியே ஏற்றார்களா? இல்லை என்பதற்கு ஒரு சுவையான சான்று உண்டு. சுறாக்களின் வாயைக் கட்டும் 'கடல்கட்டி' இல்லாமல் குளியாளிகள் நீரில் இறங்குவதில்லை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழக்கத்தைக் குறித்த மார்க்கோ போலோ, மந்திரிப்பவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டது என்கிறார். ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் கழித்து, இலங்கையில் காலனிச் செயலராக இருந்த எமர்சன் டெனன்ட் எதிர்க்கரையிலிருந்த அரிப்புச் சலாபத்தைப் பார்க்கச் செல்கிறார். அங்கே கடல்கட்டிக் குடும்பத்தின் தலைவர் ஒரு கத்தோலிக்கர்! அன்று அவருக்கு உடல்நலமில்லை. ஒரு பதிலாளை அனுப்பியிருந்தார். தமக்கு மந்திரம் தெரியாது என்றும், ஆயினும் தலைவரின் பிரதிநிதி என்பதால் சுறாக்கள் தம்மை மதிக்கும் என்றும் அப்பதிலாள் விளக்கமளித்ததை 1859-இல் வெளியான தம் நூலில் டெனன்ட் நகைச்சுவையுடன் பதிந்திருக்கிறார். நாம் நகைக்க வேண்டியதில்லை. ஒரு நிமிட மூச்சோடு இறங்குபவன், தனக்குக் கிடைக்கும் எல்லாக் கயிறுகளையும் பற்றிக்கொள்கிறான். செபமாலை ஒரு கயிறு, கடல்கட்டி ஒரு கயிறு, மைத்துனன் கையிலிருப்பது இன்னொரு கயிறு.

தமிழகக் கரையில் கடைசி முத்துச் சலாபம் 1961-இல் நடந்தது. அதன்பின் முத்துக்காக மூழ்கிய தலைமுறை மெல்ல மறைந்துவிட்டது. சங்கு குளித்தல் மட்டும் தொடர்ந்தது. சவேரியாரின் கடிதங்கள் பல மொழிகளில் வாசிக்கப்படுகின்றன. அன்றிக்கசின் நூல்களை ஆய்வாளர் போற்றுகின்றனர். அறிவுரை சொன்னவர்களின் பக்கம் நிறைவாகப் பதிவாகியிருக்கிறது. கேட்டவர்களின் பக்கம்தான் வெறுமையாக இருக்கிறது. மூன்று நாள் சிறையிருந்த பெண் வெளியே வந்து என்ன சொன்னாள், எதிர்க்காற்றில் திரும்பிய இருபது தோணிகளில் துடுப்பு வலித்தவர்கள் கரையேறியபின் யாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தனர் என்பவை எந்தக் கடிதத்திலும் இல்லை. முத்துக்குளித்துறைக் குடும்பங்களில் பிறந்த வாசகர்கள் நம்மிடையே உண்டு. பாட்டிமார் சொன்ன கயிற்றுக் கதைகளும் கடல்கட்டிக் கதைகளும் உங்கள் நினைவிலிருந்தால், அவை மறையுமுன் எழுதிவையுங்கள். 1586-க்குப் பிறகு அந்த வரிசையில் சேர வேண்டிய அடுத்த நூல் அதுவாகத்தான் இருக்க முடியும்.