சேர்த்து வைக்கச் சொன்ன வாசகியும், மறுத்த அச்சக முதலாளியும்

கைப்பேசியில் தொடர்கதை எழுதும் ஆயிரக்கணக்கான பேரில் நானும் ஒருத்தி. பகலில் கணக்கு எழுதும் வேலை. ராத்திரி சமையல்கட்டை ஒழிச்சுப் போட்ட பிறகு ஒரு அத்தியாயம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் 38 அத்தியாயம் ஓடிய கதை ஒன்று. சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற ஒரு பெண், கை நீட்டும் புருஷனை விட்டு வெளியே வந்து, தனியாக வாடகைக்கு ஒரு வீடு பிடிக்கிறாள். அதோடு முடிப்பதாகத்தான் எண்ணம்.

ஆனால் 30-ஆவது அத்தியாயத்திலிருந்து பின்னூட்டங்கள் வேறு பக்கம் இழுத்தன. "அக்கா, அவர் திருந்திட்டாரே, சேர்த்து வைங்க." "பிள்ளைங்க பாவம் அக்கா." ஒவ்வொருத்தருக்கும் உட்கார்ந்து பதில் போட்டேன். பதில் போடப் போட எனக்கே மனசு இளகிவிட்டது. கடைசி அத்தியாயத்தில் சேர்த்து வைத்துவிட்டேன். அன்றைக்குக் கிடைத்த பாராட்டு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.

நாலு நாள் கழித்து ஒரு தனிச்செய்தி. அதுவரை ஒரு பின்னூட்டம்கூடப் போடாத வாசகி. "நீங்களும் அவளைத் திருப்பி அனுப்பிட்டீங்களே." அவ்வளவுதான். என்ன பதில் எழுதுவதென்று தெரியவில்லை.

இந்தத் தேடல் அங்கேதான் ஆரம்பித்தது. எழுதுகிறவரும் படிக்கிறவரும் இப்படிப் பேசிக்கொண்டே கதை வளர்ப்பது இணையத்தோடு வந்த பழக்கமா? இல்லவே இல்லை. நம்ம ஊரில் கல்கிக்கு வந்த கடிதங்களைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். இந்தப் பதிவில் அதற்கும் 200 வருஷம் முன்னால் போகலாம், லண்டனுக்கு.

சாமுவேல் ரிச்சர்ட்சன். தொழில், அச்சகம். தச்சர் ஒருவரின் மகன். பெரிய படிப்பு கிடையாது. 13 வயதிலேயே அக்கம்பக்கத்துப் பெண்களுக்குக் காதல் கடிதம் எழுதிக்கொடுத்த பையன் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். 50 வயது வரைக்கும் நாவல் பக்கமே போகவில்லை. கடிதம் எழுதப் பழகுகிறவர்களுக்காக ஒரு மாதிரிக் கடிதப் புத்தகம் தயாரிக்கச் சொல்லிப் பதிப்பாளர்கள் கேட்க, அந்த வேலையின் நடுவில் முளைத்ததுதான் 1740-இல் வந்த 'பமேலா'. சுமார் 2 மாதத்தில் எழுதியது. ஊரே படித்தது.

அடுத்தது 'க்ளாரிஸ்ஸா'. இதுவும் முழுக்கக் கடிதங்களாலேயே ஆன கதை. கிட்டத்தட்ட 10 லட்சம் சொற்கள், 7 தொகுதிகள். அச்சுக்குப் போவதற்கு முன்பே கையெழுத்துப் பிரதியை நண்பர்களுக்குக் கொடுத்துக் கருத்துக் கேட்டார். ஆரோன் ஹில் என்ற எழுத்தாள நண்பர் ஆரம்பப் பகுதியைச் சுருக்கியே கொடுக்க, ரிச்சர்ட்சனுக்கு மனசு நொந்துபோனது. கேட்பார், ஆனால் கேட்டபடி செய்வது அபூர்வம். நமக்கும் இப்படி நாலு பேரைத் தெரியும்தானே!

புத்தகம் தவணையாகத்தான் வந்தது. 1747 டிசம்பரில் 2 தொகுதி, 1748 ஏப்ரலில் இன்னும் 2. மிச்சம் 3 தொகுதிக்கு டிசம்பர் வரை காத்திருக்க வேண்டும். கதையோ பாதியில் நிற்கிறது. பிடிக்காத கல்யாணத்திலிருந்து தப்பிக்க வீட்டை விட்டு வந்த க்ளாரிஸ்ஸா, லவ்லேஸ் என்ற வாய்ஜாலக்காரனின் பிடியில் இருக்கிறாள். முடிவு சோகம் என்று அதற்குள் பேச்சுக் கசிந்துவிட்டது.

அந்த இடைவெளியில், 1748 அக்டோபரில், ரிச்சர்ட்சனுக்கு ஒரு கடிதம். 'பெல்ஃபர்' என்று ஒரு புனைபெயர். கதையை நல்லபடியாக முடியுங்கள் என்று கெஞ்சல். கடிதம் கிடைத்ததா என்பதை 'வைட்ஹால் ஈவினிங் போஸ்ட்' பத்திரிகையில் அறிவிப்பாகப் போடச் சொல்லி ஏற்பாடு. முகம் தெரியாத ஐ.டி.யிலிருந்து வரும் தனிச்செய்திக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவரும் பதில் கொடுத்தார். கடிதங்கள் தொடர்ந்தன. லவ்லேஸ் மேல் தனக்கு ஒரு பிரியம் உண்டு என்பதைப் பெல்ஃபர் மறைக்கவில்லை. அவன் திருந்தட்டும், கல்யாணம் ஆகட்டும். செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று பாதி விளையாட்டாகச் சாபமும் விட்டார்.

ரிச்சர்ட்சன் மசியவில்லை. ஐந்தாம் தொகுதியில் லவ்லேஸ் அவளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பலாத்காரம் செய்கிறான். அதற்குப் பிறகு அவன் கல்யாணத்துக்குக் கெஞ்சுகிறான். உறவுக்காரர்களும் தோழியும்கூடக் கட்டிக்கொள்ளத்தான் சொல்கிறார்கள். அவள் மாட்டேன் என்கிறாள். கடைசியில் இறந்துபோகிறாள். திருந்திய போக்கிரிதான் நல்ல புருஷனாவான் என்று அந்தக் காலத்தில் ஒரு வழக்குப் பேச்சு இருந்தது. அந்த நம்பிக்கை பெண்களுக்கு ஆபத்து என்று ரிச்சர்ட்சன் முன்னுரையிலேயே எச்சரித்திருந்தார். சேர்த்து வைத்தால், நாலு தொகுதியாகத் தான் சொல்லிவந்ததைத் தானே அழித்த மாதிரி ஆகும் என்பது அவர் நிலை. புண்ணியத்துக்குப் பலன் மறுமையில்தான் என்ற அவருடைய மத நம்பிக்கையும் கூடவே இருந்தது.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. சத்துணவுக்காரியின் புருஷனை வாசகர்களுக்கு ஏன் பிடித்தது? நான் அவனுக்கு நல்ல வசனம் எழுதியிருந்தேன். லவ்லேஸுக்கும் அதேதான் நடந்தது. ஆனால் ரிச்சர்ட்சன் வாசகர்களைத் திட்டிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தன் எழுத்தில் எங்கே ஓட்டை என்று தேடினார். 1749-இல் வந்த இரண்டாம் பதிப்பில் விரிவான பொருளடக்கமும் அடிக்குறிப்புகளும் சேர்த்தார். 1751-இன் மூன்றாம் பதிப்பில் லவ்லேஸின் கெட்ட எண்ணம் பளிச்சென்று தெரிகிற மாதிரிப் புதுப் பகுதிகளையே நுழைத்தார். அதாவது, வாசகர்கள் கேட்ட முடிவை அவர் கொடுக்கவில்லை. அவர்கள் எங்கே வழுக்கினார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொண்டு, அந்த இடத்தைச் சரிபண்ணினார். (அடிக்குறிப்பு போட்டுக் கதையை விளக்குவது நல்ல வழியா என்பது தனிச் சண்டை.)

பெல்ஃபர் யார்? லங்காஷயரில் ஹேய் ஹால் என்ற மாளிகையில் வாழ்ந்த லேடி பிராட்ஷா. 1750-இல் லண்டன் வந்தபோதும் நேரே போய்க் கதவைத் தட்டவில்லை. செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் அவர் நடந்தால், தான் அடையாளம் கண்டுகொள்வதாக ஏற்பாடு. ரிச்சர்ட்சனும் தன் உயரம், பருமன், நடை, கைத்தடி எல்லாவற்றையும் வர்ணித்து எழுதிவிட்டு, 60 வயதில் போய் நடந்தார், பாவம். பார்த்த பிறகும் அந்த அம்மாள் உடனே தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. பிற்பாடு சந்தித்துக் குடும்ப நண்பர்கள் ஆனார்கள். அவருடைய ஓவியத்தை வாங்கி வீட்டில் மாட்டினார், ஆனால் அதிலிருந்த பெயரை 'டிக்கின்சன்' என்று மாற்றிவைத்தார். ஒரு நாவல்காரரோடு சிநேகம் என்றால் வருகிறவர்கள் கேள்வி கேட்பார்களே!

அவர் கைவசம் இருந்த 'க்ளாரிஸ்ஸா' பிரதி இன்றைக்கும் இருக்கிறது. ஓரமெல்லாம் அவருடைய குறிப்புகள், சில இடங்களில் ரிச்சர்ட்சனின் பதில்கள், கடைசியில் அவரே எழுதிய மாற்று முடிவு. அவருடைய சகோதரி லேடி எக்லினும் தனியாக ஒரு மாற்று முடிவு எழுதி ரிச்சர்ட்சனிடம் காட்டினார். அதில் பலாத்காரமே கிடையாது. இன்றைக்கு ரசிகர் புனைவு என்கிறோமே, அதேதான். இத்தனை வாக்குவாதத்துக்கும் நடுவில், 1761-இல் ரிச்சர்ட்சன் இறக்கும் வரை பிராட்ஷாவோடு கடிதப் போக்குவரத்து நிற்கவில்லை.

அந்தக் காலத்துக் கதை, இணையத்துக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். அதனால் நம்ம காலத்து ஆள் ஒருவர். அமெரிக்காவில் ஆண்டி வியர் என்ற கணினி நிரலாளர். முழுநேர எழுத்தாளராகப் பார்த்து, நாவலுக்கு ஏஜென்ட் கிடைக்காமல் மறுபடி வேலைக்குப் போனவர். 2009-இலிருந்து செவ்வாய்க் கிரகத்தில் தனியாக மாட்டிக்கொண்ட விண்வெளி வீரர் கதையைத் தன் தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகப் போட்டார். மின்னஞ்சல் பட்டியலில் சுமார் 3,000 வாசகர்கள். வேதியியல் தெரிந்தவர்கள் கணக்குத் தப்பைச் சுட்டிக்காட்ட, திருத்தினார். மின்னூலாகக் கொடுங்கள் என்றார்கள், கொடுத்தார். கிண்டிலில் போடச் சொன்னார்கள். அங்கே இலவசமாகப் போட வழியில்லை என்பதால் ஆகக் குறைந்த விலை, 99 சென்ட். வாசகர்கள் காசு கொடுத்து வாங்கியதைப் பார்த்த பிறகுதான் பதிப்பாளர் வந்தார், 2015-இல் ரிட்லி ஸ்காட் படமாகவும் வந்தது. 'தி மார்ஷியன்' அதுதான்.

ஆனால் கதையைத் தொடங்கிவைக்கும் புழுதிப்புயல் மட்டும் அப்படியே இருக்கிறது. செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் சுமார் 1 சதவீதம்தான். அந்தக் காற்று எவ்வளவு வேகமாக அடித்தாலும் ராக்கெட்டைச் சாய்க்காது. அது தெரிந்தேதான் வைத்ததாக வியரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மனிதனுக்கும் இயற்கைக்குமான கதை, முதல் அடி இயற்கை கொடுப்பதாக இருக்கட்டும் என்பது அவர் கணக்கு. தகவல் தப்பு என்று சொன்னால் காது கொடுத்தார். கதை எதைப் பற்றியது என்பதை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டார்.

நான் இதைத் தலைகீழாகச் செய்திருக்கிறேன். சத்துணவுக் கூடத்தில் முட்டைக் கணக்கு எப்படி வைப்பார்கள் என்று ஒரு தம்பி திருத்தம் சொன்னபோது, "கதைதானே தம்பி" என்று தட்டிக்கழித்தேன். அவள் எங்கே போய்ச் சேரவேண்டும் என்பதை மட்டும் ஓட்டுக்கு விட்டுவிட்டேன். சத்தமாகப் பேசியவர்கள் ஜெயித்தார்கள். ஒன்றுமே பேசாமல் படித்துக்கொண்டிருந்தவள் தோற்றாள்.

போன மாதம் முட்டைக் கணக்கைத் திருத்தினேன். கடைசி 3 அத்தியாயங்களை மறுபடி எழுதினேன். அவள் அந்த வாடகை வீட்டில்தான் இருக்கிறாள், பிள்ளைகளோடு. கோபித்துக்கொண்ட அக்காக்களில் ஒருவரிடம், "சேர்கிற முடிவை நீங்களே எழுதுங்களேன், என் பக்கத்திலேயே சுட்டி தருகிறேன்" என்று கேட்டிருக்கிறேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார். எழுதினால் நிச்சயம் படிப்பேன்.

தனிச்செய்தி அனுப்பியவருக்கு இரண்டு வருஷம் தாமதமாகப் பதில் போட்டேன். "அவ திரும்பிப் போகலைம்மா. நான்தான் தப்பா எழுதிட்டேன்." இன்னும் அவர் பார்க்கவில்லை.