கொலைமர்மச் சங்கீதப் படங்கள்

கொலைமர்மக் கதையின் நடுவே பாட்டையும் ஆட்டத்தையும் பிரதானமாக வைக்கும் இப்படவகை, அமெரிக்காவின் பெரிய ஸ்டூடியோக்கள் கறுப்பின நடிகருக்கு வேலைக்காரர் வேடத்துக்குமேல் ஏதும் தர மனம்வராதிருந்த காலத்தில், அவ்வின ரசிகர்களுக்கென்றே தயாரான படங்களிடையே ஒரு தனிக் கிளையாகத் தழைத்தது. கறுப்பினத்தவரான ஆஸ்கார் மிஷோ 1935-இல் எடுத்த 'மர்டர் இன் ஹார்லெம்', பிணத்தைக் கண்டெடுத்த இரவுக் காவலாளியின்மேலேயே கொலைப்பழி விழுவதைக் காட்டிற்று. 1941-இல் வெளிவந்த 'மர்டர் வித் மியூசிக்' படத்தில் நோபிள் சிஸ்ஸிலின் வாத்தியக் கோஷ்டி இடம்பெற்றது. துப்புத் துலங்கும் வேளையிலும் கதை நின்று பாட்டுக்கு வழிவிடுவதைக் குறையென்பாருளர். வேறு திரைகளில் தம் வித்தையை முழுதாய்க் காட்ட இடமற்றிருந்த கலைஞருக்கு அப்பாட்டே படத்தின் பிரயோஜனம் என்பதை அவர்கள் எண்ணிப்பார்ப்பதில்லை.

அக்கலைஞரின் ஜாஸ் இசை இந்தியாவுக்குத் திரைவழியாகவன்றி நேராகவே வந்தது. 1935-இல் லியோன் ஆபியின் கோஷ்டி பம்பாய் தாஜ்மகால் ஹோட்டலில் வாசித்தது. பியானோ வித்துவான் டெடி வெதர்ஃபோர்டு பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாசித்து, 1945-இல் கல்கத்தாவிலேயே காலமானார். இவர்களுடைய வாசிப்பைக் கேட்டுத் தேர்ந்த சிக் சாக்லேட் முதலான கோவா வாத்தியக்காரர் ஹிந்திப் படங்களின் இசைக்குழுக்களிற் புகுந்தனர். ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் சென்னை ஸ்டூடியோக்களிலும் நிலைபெற்றன.

தமிழில் இவ்வகையின் வரலாறு ஒரு விலக்கோடு தொடங்குவது விசேஷம். வீணை வித்துவானாகிய எஸ். பாலச்சந்தர் 1954-இல் இயக்கிய 'அந்த நாள்' பாட்டே இல்லாத கொலைமர்மப் படம். பாட்டு மீண்டபோது ஜாஸின் சாயல் கூடவந்தது: 1964-இல் 'புதிய பறவை' விஸ்வநாதன் ராமமூர்த்தி இசையிலும், 1967-இல் 'அதே கண்கள்' வேதாவின் இசையிலும் வெளியாயின. கொலைக் கதைக்கு வேண்டிய அச்சத்தையும் மயக்கத்தையும் ஒருங்கே தருவதில், முன்னதன் விடுதிப் பாட்டுக்கு நிகரானவை சிலவே.

இப்பாட்டுக்கள் இலங்கையின் மலையகத்துக்கும் சென்றன. அங்கே நுவரெலியாவில் 1876-இல் நிறுவப்பட்ட ஹில் கிளப் போன்ற துரைமார் சங்கங்களில், தேயிலைக் கொழுந்து பறித்த தமிழ் ஜனங்களுக்கு அங்கத்துவம் இருக்கவில்லை. ஆயின் சினிமாப் பாட்டுக்கள் இலங்கை வானொலி வழியே அவர்கள் வாழ்ந்த லயக் காம்பராக்களை எட்டின. பருத்தித் தோட்டத்து அடிமைகளின் சந்ததியார் பெற்றெடுத்த இசை, கடல்கள் பல கடந்து, தமிழ்ச் சொல் பூண்டு, 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பிரஜாவுரிமையற்றுப் போன தேயிலைத் தோட்டத்து ஜனங்களின் செவியைச் சேர்ந்ததை இவ்வரலாற்றின் மிகப் பெரிய சம்பவமாகவே கருதவேண்டும்.

அமெரிக்கக் கறுப்பினத்தாரிடம்போலவே, தம்மவருக்கென்று படம் எடுக்கும் முயற்சி மலையகத்தாரிடமும் எழுந்தது. 1963-இல் பி. எஸ். கிருஷ்ணகுமாரின் 'தோட்டக்காரி' தோட்ட வாழ்வைத் திரைக்குக் கொணர்ந்தது. தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் 1975-இல் 'புதிய காற்று' படத்தைத் தயாரித்து, அதில் தாமே நடிக்கவும் செய்தார்.