இதய வால்வு நோய்த்தொற்றில் எக்கோ சோதனை

இரத்தத்தில் கலந்த நுண்ணுயிரிகள் இதய வால்வில் ஒட்டி வளரும் என்டோகார்டைட்டிஸ் நோயை மீயொலியால் காணும் முறை. நுண்ணுயிரி, தட்டணு, ஃபைப்ரின் சேர்ந்த கட்டியை மருத்துவர்கள் 'வெஜிடேஷன்' என்பர். இது இரத்தவோட்டத்தில் ஆடும். உடைந்து மூளைக்கும் போகும்.

வில்லியம் ஆஸ்லர் 1885இல் லண்டனில் இந்நோய் பற்றிச் சொற்பொழிவாற்றியபோது, வெஜிடேஷனைக் கண்ணால் காணப் பிணக்கூறாய்வு ஒன்றே வழி. சுவீடனின் லுண்ட் நகரில் மருத்துவர் இங்கே எட்லரும் இயற்பியலாளர் ஹெல்முட் ஹெர்ட்ஸும் மீயொலியால் உலோகத்தில் விரிசல் தேடும் கருவியை மார்பில் வைத்துப் பார்த்தனர். அதை மால்மோ கப்பல் கட்டும் தளத்தில் இரவல் வாங்கியே தொடங்கினர். 1953 அக்டோபர் 29 அன்று இதயத்தின் அசைவு பதிவானது. மைட்ரல் வால்வின் முன்னிதழ் தந்த எதிரொலியை எட்லர் முதலில் இடது மேலறைச் சுவர் என்றே எண்ணினார். இருபது ஆண்டு கழித்து, 1973இல், இந்தியானாவில் ஹார்வி ஃபைகன்பாம் குழுவினர் வெஜிடேஷனை எக்கோவில் கண்டு வெளியிட்டனர். இந்நோயைக் கண்டறிய 1994இல் வந்த டியூக் வரையறை, எக்கோவில் தெரியும் வெஜிடேஷனை இரத்தக் கல்ச்சருக்கு இணையான முதன்மைச் சான்றாக்கியது. தாமதமான நியாயம்.

மார்பின் மேலிருந்து எடுக்கும் எக்கோ, இயற்கை வால்வு நோயாளிகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினரிடம் வெஜிடேஷனைக் காட்டும். செயற்கை வால்வில் ஏறத்தாழ பாதிப் பேரிடமே காட்டும். எடுத்துக்காட்டாக, திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கி 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்திய சித்ரா வால்வு உலோகக் கூண்டும் பாலிஎதிலீன் தட்டும் கொண்டது. உலோகம் ஒலியைத் தடுத்து நிழல் வீழ்த்துவதால் அதன் பின்னுள்ளது மறைந்துவிடும். எனவே உணவுக்குழாய்க்குள் குழல் இறக்கி எடுக்கும் டீஇஇயே இங்குச் சரியான சோதனை.

முதல் எக்கோவில் ஒன்றும் தெரியாமல் சந்தேகம் நீடித்தால் 5 முதல் 7 நாளில் மீண்டும் எடுக்க வேண்டும். வால்வு கடுமையாகக் கசிந்து, வெஜிடேஷன் 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

எக்கோவுடன் சிடி, பெட் ஸ்கேன் ஆகியவற்றையும் 2023இல் திருத்தப்பட்ட டியூக் வரையறை சேர்த்துக்கொண்டது.

எந்தக் கிருமி என்பதை எக்கோ சொல்லாது; அதற்கு இரத்தக் கல்ச்சர் வேண்டும். செயற்கை வால்வு உள்ளவர்கள் காய்ச்சல் வந்தால் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்காமல், முதலில் இரத்தக் கல்ச்சருக்குக் கொடுக்க வேண்டும்.