வெளியேற வழி தெரியாத எடிட்டர்

கணினி நிரல் எழுதப் பழகுவோர் பலர் 'விஐ' என்னும் எடிட்டரைத் திறந்த முதல் நாளிலேயே திகைத்துப் போகின்றனர். தட்டும் எழுத்துக்கள் திரையில் விழுவதில்லை; திடீரென ஒரு வரியே காணாமற் போகிறது; வெளியேறவும் வழி தெரிவதில்லை. அதன் வழிவந்த 'விம்' எடிட்டரிலிருந்து வெளியேறுவது எவ்வாறு என்று ஸ்டாக் ஓவர்புளோ தளத்தில் கேட்கப்பட்ட கேள்வி, 2017 ஆம் ஆண்டில் பத்து இலட்சம் பார்வைகளைத் தாண்டியது. இதற்குக் காரணம் புதியவரின் அறியாமையன்று. காரணம் வரலாற்றில் இருக்கிறது.

1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன் 'எட்' என்ற எடிட்டரை எழுதினார். அப்போது பலரிடம் திரை இருக்கவில்லை. கணினியின் பதில் கடதாசியில் அச்சாகி வந்தது. ஆகவே பக்கத்தைக் காணாமலே, இன்ன வரியில் இன்ன சொல்லை மாற்றுக என்று கட்டளையிட வேண்டியிருந்தது. அச்சுக்கூடத்துக்குத் தொலைபேசியில் திருத்தம் சொல்லும் உதவி ஆசிரியரின் நிலைதான் இது. தவறு நேர்ந்தால் 'எட்' தந்த பதில் ஒரேயொரு கேள்விக்குறி!

இந்த வரட்சியைக் கண்ட லண்டன் குயீன் மேரி கல்லூரியின் ஜோர்ஜ் கூலூரிஸ், 1976 இல் 'எம்' என்ற எடிட்டரை உருவாக்கினார். சாதாரண மானிடருக்கான எடிட்டர் என்பதே அப்பெயரின் பொருள். அவ்வாண்டுக் கோடையில் அவர் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது, அங்கு மாணவராயிருந்த பில் ஜோய் அதனைக் கண்டார். அதிலிருந்து வளர்ந்ததே 'எக்ஸ்' எடிட்டரும் அதன் திரை வடிவமான 'விஐ'யும்.

ஜோய் வீட்டிலிருந்து வேலை செய்தது 300 போட் வேக மொடெம் வழியாக. வினாடிக்கு ஏறக்குறைய 30 எழுத்துக்களே வரும். 24 வரிகளும் வரிக்கு 80 எழுத்துக்களும் கொண்ட திரை முழுமையாக நிரம்ப ஒரு நிமிடத்துக்கு மேலாகும். எனவே ஒற்றை எழுத்தே கட்டளையாயிற்று. கட்டளைக்கு ஒரு நிலை, எழுதுவதற்கு வேறொரு நிலை என்ற பிரிவு 'எட்' விட்டுச் சென்ற சொத்து. எச், ஜே, கே, எல் விசைகள் திசைகாட்டுவதும் தற்செயலன்று. ஜோய் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் அம்புக்குறிகள் அவ்விசைகளின் மீதே பொறிக்கப்பட்டிருந்தன.

நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலனார் 1991 இல் 'விம்'மை வெளியிட்டார். அதற்கு அவர் விலை கேட்கவில்லை. உகண்டாவின் சிறுவர்களுக்கு உதவுமாறே கேட்டார். 2023 ஆகஸ்டில் அவர் மறைந்தார்.

புதியவர் முதலில் அறியவேண்டியவை சிலவே. 'ஐ' விசையை அழுத்தினால் எழுதலாம். எஸ்கேப் விசை கட்டளை நிலைக்கு மீட்கும். அதன்பின் முக்காற்புள்ளி, டபிள்யூ, கியூ தட்டி என்ரரை அழுத்தினால் சேமித்து வெளியேறலாம். முக்காற்புள்ளி, கியூ, ஆச்சரியக்குறி எனில் சேமிக்காமல் வெளியேறலாம். 'விம்ரியூட்டர்' என்ற பயிற்சி அரைமணி நேரத்தில் மீதியைக் கற்பிக்கும்.

விளங்காத கருவியின் முன் தன்னையே நொந்துகொள்வது மனித இயல்பு. ஆனால் இக்கருவியின் விசித்திரங்கள் யாவும் வசதியற்ற ஒரு காலத்தின் சிக்கனங்களே. அதை அறிந்தவருக்கு அச்சம் பாதி தீர்ந்துவிடும்.