இனப்பெயர் போதுமா? மீன்குளத்து நன்னுண்ணுயிரிகளும் முழு மரபணுத்தொகுதியும்

மீன் வளர்ப்புக் குளத்தில் மிஞ்சும் தீவனத்திலிருந்தும் மீன் கழிவிலிருந்தும் அம்மோனியா உருவாகிறது. அதைக் கட்டுப்படுத்தவும் நோயைத் தடுக்கவும் பண்ணையாளர்கள் பேசில்லஸ் முதலிய நுண்ணுயிரிப் பொடிகளைக் குளத்தில் கரைக்கிறார்கள், தீவனத்திலும் கலக்கிறார்கள். பொட்டலத்தில் பெரும்பாலும் இனப்பெயர்தான் இருக்கும். அது நன்மைக்கோ பாதுகாப்புக்கோ சான்றாகாது. ஓர் இனத்துக்குள் வேறுபடும் திரிபு ஒவ்வொன்றின் மரபணுத்தொகுதியையும் முழுமையாக வரிசைப்படுத்திய பிறகே அதைக் குளத்தில் விட வேண்டும் என்பது என் வாதம்.

விப்ரியோ பேரினத்தைப் பார்ப்போம். 1990களில் ஈக்வடாரின் இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள் விப்ரியோ ஆல்ஜினோலிட்டிக்கஸை நன்னுண்ணுயிரியாகப் பயன்படுத்தின. ஆசிய இறால் குளங்களைக் காலிசெய்த இளம்பருவ இறப்புநோய்க்கு அதன் நெருங்கிய உறவான விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கஸ் காரணம் என்று 2013இல் அரிசோனா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் லைட்னர் குழு கண்டறிந்தது. அந்த இனத்தின் எல்லாத் திரிபுகளும் இந்நோயை உண்டாக்குவதில்லை. நச்சுப் புரதங்களுக்கான பிர்ஏ, பிர்பி மரபணுக்கள் ஏறத்தாழ 70,000 கார இணைகள் கொண்ட பிளாஸ்மிட் ஒன்றில், அதாவது குரோமோசோமுக்கு வெளியே தனித்திருக்கும் டிஎன்ஏ வளையத்தில், இருக்கின்றன. அதே வகைப் பிளாஸ்மிட் பின்னர் விப்ரியோ ஹார்வேயி, விப்ரியோ கேம்பெல்லி ஆகியவற்றிலும் கிடைத்தது. 16எஸ் மரபணுவை மட்டும் படித்து இனத்தைச் சொல்லும் சோதனையில் இந்தப் பிளாஸ்மிட் தென்படவே செய்யாது.

பேசில்லஸ் என்றால் அச்சமில்லை என்ற எண்ணமும் சரியல்ல. கால்நடைத் தீவனத்தில் சேர்க்கப்பட்டுவந்த பேசில்லஸ் டோயோனென்சிஸ் திரிபு ஒன்றின் அனுமதியை ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் நிறுத்திவைத்தது. டெட்ராசைக்ளின், குளோராம்பெனிக்கால் மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்கள் அதில் இருந்தது காரணங்களுள் ஒன்று. எண்ணற்ற நுண்ணுயிர்கள் ஒரே நீரில் கலந்து வாழும் குளத்தில் எதிர்ப்பு மரபணு எங்கே அமர்ந்திருக்கிறது என்பது முக்கியமான கேள்வி. குரோமோசோமில் நிலைத்திருப்பது ஒன்று, இடம்பெயரும் பிளாஸ்மிட்டில் இருப்பது வேறு. குறுந்துண்டுகளாகப் படிக்கும் முறையில் பிளாஸ்மிட்டுகள் பெரும்பாலும் சிதறிவிடுகின்றன. ஆகவே நெடுந்துண்டு வரிசைப்படுத்தலையும் சேர்த்துப் பிளாஸ்மிட் வளையத்தின் வரிசையை இடைவெளியின்றி முழுமையாக்குவது அவசியம்; செலவைக் காரணம் காட்டி இதைத் தவிர்ப்பதை நான் ஏற்கவில்லை.

மரபணுத்தொகுதி ஆற்றலைத்தான் காட்டும், செயலைக் காட்டாது என்று மறுப்பார்கள். உண்மைதான். பேசில்லஸ் வெலசென்சிஸின் எஃப்இசட்பி42 திரிபில், சுமார் 39 லட்சம் கார இணைகளில் 8 விழுக்காட்டுக்கு மேல் நுண்ணுயிர்க்கொல்லி முதலிய சேர்மங்களைத் தயாரிக்கும் மரபணுக்களுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அவை குளத்து நீரில் எப்போது இயங்கும் என்று வரிசை சொல்லாது. அதே இனத்தின் ஏபி193 திரிபு கெளுத்தி வளர்ச்சிக்கும் நீரின் தரத்துக்கும் உதவுகிறது என்பதை அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மீன்களுக்குக் கொடுத்துப் பார்த்தே காட்டினார்கள். எனவே வரிசைப்படுத்தல் முதலில் ஆபத்தானவற்றைக் கழிக்க வேண்டும். எஞ்சியவற்றைத் தொட்டியிலும் குளத்திலும் சோதிக்க வேண்டும். விற்பனைப் பொட்டலத்தில் திரிபின் எண்ணும், பொதுத் தரவகத்தில் அதன் வரிசைக்குரிய பதிவெண்ணும் அச்சாக வேண்டும். பிளாஸ்மிட்டுகள் வந்து சேரவும் விலகவும் கூடியவை என்பதால், மூலவளர்ப்பைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் வரிசையை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.